டர்போ பழசு, எஞ்சின் அதைவிடப் பழசு

இந்த இதழுக்கு வந்த கடிதங்கள்ல டர்போ சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்துக்கிட்டேன். டர்போன்னா எக்ஸாஸ்ட் புகையோட வேகத்துல சுத்தி எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ற சாமான். அந்த அமுக்கத்துக்குப் பேர் பூஸ்ட், அதை பி.எஸ்.ஐ-ல அளக்கறோம். ஷார்ஜாவுல இருந்து வந்த முதல் கடிதத்துக்குப் பதில் கொஞ்சம் நீளம். அந்தத் தம்பி கையில ஒரு நல்ல எஞ்சின் இருக்கு, அது வீணாகக் கூடாதுன்னு எனக்கு ஆசை.

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம், வேலை ஷார்ஜாவில். இங்கே 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். 1.6 எஞ்சின், இடதுபக்க ஸ்டீயரிங். ஒருவரிடம் 1990களில் வந்த ஜப்பான் டர்போ கிட் விலைக்கு இருக்கிறது. மிட்சுபிஷி டிடி04 டர்போ, அதை எஞ்சினோடு சேர்க்கும் வார்ப்பு மேனிஃபோல்டு, டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப், பெட்ரோல் பிரஷரை ஏற்றுகிற ஒரு ரெகுலேட்டர், இவ்வளவுதான். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கிடையாது. "வெறும் 6 பி.எஸ்.ஐ, அப்படியே மாட்டி ஓட்டு, ஒண்ணும் ஆகாது" என்கிறார். வாங்கலாமா? எஞ்சின் தாங்குமா?
– கொழிஞ்சாம்பாறை வாசகர், ஷார்ஜா

பதில்: வாங்கலாம் தம்பி. அப்படியே மாட்டி ஓட்டத்தான் முடியாது. அந்தக் கிட்டுல இரும்பு வேற, பெட்ரோல் ஏற்பாடு வேற. டர்போவும் மேனிஃபோல்டும் விரிசல் இல்லாம இருந்தா இன்னும் பல வருஷம் உழைக்கும். ரெகுலேட்டருக்கு மட்டும் ஒரு திர்ஹம்கூடக் கணக்குல சேர்க்காதீங்க, அதை நீங்க மாட்டப் போறதில்லை.

நானும் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல கராஜ் வேலை பார்த்துட்டு ஊர் திரும்பினவன்தான். அந்த ஊர் வெயிலை மனசுல வெச்சுத்தான் மிச்சத்தையும் சொல்றேன்.

காசு குடுக்கறதுக்கு முன்னால உங்க வண்டி பானெட்டைத் திறந்து கிராங்க் புல்லியை (எஞ்சினுக்கு முன்னால பெல்ட் ஓடற சக்கரம்) பாருங்க. இந்த 1.6 எஞ்சின்ல ஆரம்பத்துல வந்ததுக்குக் கிராங்கோட முன்மூக்கு குட்டை. நடுவுல இருக்கற போல்ட் கொஞ்சம் லூசானாலும், புல்லியைப் பூட்டற சாவித் துண்டு உட்கார்ற காடி தேய்ஞ்சு அகலமாயிடும், அப்புறம் கிராங்கையே மாத்தணும். மாஸ்டா இதை 1991லயே நீள மூக்கா மாத்திட்டாங்க. உங்க வண்டி சரியா அந்த மாற்றம் நடந்த வருஷத்து வண்டி, அதனால ஆர்சியைப் பார்த்து முடிவு பண்ண முடியாது. புல்லியோட நடு வட்டத்துல எத்தனை வெட்டு தெரியுதுன்னு எண்ணுங்க. 4 இருந்தா குட்டை மூக்கு, 8 இருந்தா நீள மூக்கு. குட்டை மூக்கா இருந்தா வண்டியை ஐடிலிங்ல விட்டு, பக்கவாட்டுல குனிஞ்சு புல்லியைக் கொஞ்ச நேரம் கவனிங்க. முன்னும் பின்னும் ஆடுச்சுன்னா டர்போவுக்கு வெச்ச காசு வேற எஞ்சினுக்குப் போகட்டும். ஆடலைன்னா ஓட்டலாம். ஆனா டைமிங் பெல்ட் மாத்தும்போது அந்த போல்ட்டைப் புதுசு போட்டு, டார்க் ரெஞ்ச் வெச்சு மட்டுமே முறுக்கணும்.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். எஞ்சினைச் சூடாக்கி, நாலு ப்ளக்கையும் கழட்டி, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சு ஒவ்வொரு சிலிண்டரா கேஜ் வெச்சு அமுக்கத்தை எடுங்க. நாலும் ஏறத்தாழ ஒண்ணா வரணும். ஒண்ணு மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல குறைஞ்சா அதுக்குக் காரணம் தெரியற வரைக்கும் டர்போ பேச்சே வேண்டாம்.

எஞ்சின் தாங்குமான்னு கேட்டீங்க. கீழ்ப்பாகம் தாங்கும். இந்த பி6 குடும்பம் மாஸ்டாவோட 323 ஜிடிஎக்ஸ் கார்ல கம்பெனி டர்போவோடயே வந்த எஞ்சின். ஆனா அங்க மாஸ்டா கம்ப்ரஷன் விகிதத்தை 7.9க்கு இறக்கிட்டுத்தான் டர்போ வெச்சாங்க. உங்க எஞ்சினுக்கு 9.4. டர்போ அமுக்கின காத்தை எஞ்சின் மறுபடி இவ்வளவு அமுக்கும்போது, ப்ளக் பொறி விடறதுக்கு முன்னாலயோ பின்னாலயோ கலவை தானா வெடிக்கப் பார்க்கும். அந்த நாக்கிங்தான் பிஸ்டனோட ரிங் நிக்கற மேட்டை உடைக்கும். பவர் கூடினதால மட்டும் 6 பி.எஸ்.ஐ-ல பிஸ்டன் உடைஞ்சு நான் பார்த்ததில்லை. சூடும் பெட்ரோல் பத்தாததும் சேர்ந்துதான் உடைக்குது.

சூட்டுக்கு ஒரு கணக்கு போடலாம். வெளியில 45 டிகிரின்னு வெச்சுக்குங்க. அந்தக் காத்தை 6 பி.எஸ்.ஐ-க்கு அமுக்கினா, கம்ப்ரசர் நல்ல நிலைமையில இருந்தாலும் வெளிய வர்றது 90 டிகிரியைத் தாண்டும். ஜப்பான்ல குளிர்ல ஓட்டினவருக்கு இன்டர்கூலர் இல்லாமயே சமாளிச்சிருக்கலாம். ஷார்ஜா ஆகஸ்ட்ல முடியாது. மூக்குப்பக்கம் ஏசி கண்டன்சருக்கு முன்னால ஒரு சுமாரான இன்டர்கூலர் வெச்சாலே 30 டிகிரி போல இறங்கும். பூஸ்ட்டை ஏத்தறதுக்காக இன்டர்கூலர் வைங்கன்னு சொல்லலை. இதே 6 பி.எஸ்.ஐ-ல எஞ்சின் பிழைக்கறதுக்காகச் சொல்றேன். பெட்ரோல் சூப்பர் 98 மட்டும் போடுங்க. இ-பிளஸ் 91 பக்கமே போக வேண்டாம்.

இப்ப அந்த ரெகுலேட்டர். உங்க வண்டியில காத்தை அளக்கறது ஒரு கதவு மாதிரிப் பலகை. காத்து தள்ளத் தள்ள அது திறக்கும், எவ்வளவு திறந்திருக்குங்கறதை வெச்சு ஈசியூ (எஞ்சினோட கம்ப்யூட்டர்) பெட்ரோல் குடுக்கும். டர்போ வந்ததும் பலகை முழுசாத் திறந்து நின்னுடும், அதுக்கு மேல போற காத்து ஈசியூவுக்குத் தெரியவே தெரியாது. இந்தக் குறையைச் சமாளிக்கத்தான் அந்தக் காலத்துல பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் லைன் பிரஷரைப் பல மடங்கு ஏத்தற ரெகுலேட்டரை வெச்சாங்க. சின்ன இன்ஜெக்டர் வழியா வலுக்கட்டாயமா கூடுதல் பெட்ரோலைத் தள்ற வேலை அது. பம்ப்பும் இன்ஜெக்டரும் புதுசா இருந்த காலத்துல நடந்துச்சு. இப்ப பம்ப்புக்கு வயசு முப்பது தாண்டிடுச்சு. பிரஷர் ஏற ஏற எந்தப் பம்ப்பும் குறைவாத்தான் தள்ளும், பழசு இன்னும் குறைவாத் தள்ளும். இன்ஜெக்டரும் அந்தப் பிரஷர்ல நேரத்துக்குத் திறக்காது. முழு பூஸ்ட்ல, அதிகப் பெட்ரோல் வேண்டிய அந்த நொடியில, குறைவா கிடைக்கும். உள்ள ஒரு ரப்பர் டயாஃப்ரம் கிழிஞ்சாலும் இதே கதைதான். ஓட்டறவருக்கு வெளிய எந்த அறிகுறியும் தெரியாது, வண்டி நல்லா இழுத்துக்கிட்டேதான் இருக்கும்.

அதனால கிட்டுக்கு மிச்சம் பிடிக்கற காசை இதுல போடுங்க: தனி ஈசியூ ஒண்ணு, மெகாஸ்குவர்ட் மாதிரி. காத்துப் பிரஷர் சென்சார், காத்துச் சூட்டுக்கு ஒரு சென்சார், பெரிய இன்ஜெக்டர், புதுப் பம்ப், கலவையில காத்தும் பெட்ரோலும் என்ன விகிதம்னு காட்டற ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் மீட்டர். அந்தப் பலகை மீட்டரைக் கழட்டிப் போட்டுடலாம். பூஸ்ட்ல கலவை, அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காத்து, 11.5க்கும் 12க்கும் நடுவுல நிக்கணும். தனி ஈசியூவோட இன்னொரு பெரிய லாபம், பூஸ்ட் ஏறும்போது டைமிங்கை (ப்ளக் பொறி விடற நேரத்தை) அதுவே பின்னுக்கு இழுக்கும். பழைய ரெகுலேட்டரால அது முடியவே முடியாது. இந்தச் சாமானெல்லாம் சேர்ந்தா கிட் விலையைத் தாண்டும், தெரிஞ்சே இறங்குங்க.

டைமிங்னு சொன்னதும் இன்னொண்ணு. இந்த வண்டியை வெச்சிருந்த முந்தின ஓனர்கள் பிக்கப்புக்காக பேஸ் டைமிங்கை 14, 16 டிகிரின்னு முன்னால தள்ளி வெச்சிருப்பாங்க, இந்த மாடல்ல அது வழக்கம். டர்போ இல்லாம அது சுகமா ஓடும். டர்போவோட ஆகாது. எஞ்சின் பக்கத்துல இருக்கற டயக்னாஸ்டிக் பெட்டி மூடியைத் திறந்தா டி.ஈ.என், ஜி.என்.டின்னு ரெண்டு குழி இருக்கும். ஒரு சின்ன ஒயரால ரெண்டையும் சேர்த்துட்டு டைமிங் லைட் அடிச்சா உண்மையான பேஸ் டைமிங் தெரியும். ஒயர் போடாம லைட் அடிச்சா அது ஈசியூ திருத்தினது, அந்த அளவை நம்பக் கூடாது. 10 டிகிரியில நிறுத்திட்டுத்தான் மிச்ச வேலை. ப்ளக் ஒரு படி குளிர்ச்சியானது போடுங்க, என்ஜிகே பிகேஆர்7ஈ சரியா இருக்கும். கேப் 1.1 வேண்டாம், 0.8க்குள்ள வெச்சுக்குங்க. இல்லேன்னா பூஸ்ட்ல பொறி அணைஞ்சு திணறும்.

டர்போவை விக்கறவர் வீட்டுலயே சோதிக்கலாம். இன்டேக் பக்கத்துல ஷாஃப்ட் நுனி நட்டை ரெண்டு விரலால பிடிச்சு உள்ள தள்ளி வெளிய இழுங்க. கைக்கு ஆட்டமே தெரியக் கூடாது. மேல கீழ ஆட்டினா கொஞ்சம் ஆடும். அது தப்பில்லை, புஷ் பேரிங் டர்போ ஆயில் படலத்துல மிதக்கறதுக்காக விட்ட இடைவெளி அது. ஆனா ஆட்டும்போது இறக்கை நுனி ஹவுசிங்ல உரசக் கூடாது. டார்ச் அடிச்சு ஹவுசிங் உள்சுவரைப் பாருங்க. பளபளன்னு ஒரு வளையம் ஓடினா அது உரசின தடம், அந்த டர்போவை விட்டுடுங்க. அப்புறம் இறக்கை நுனி ஒவ்வொண்ணுலயும் நகத்தை ஓட்டுங்க, பிசிறோ பள்ளமோ இருந்தா ஏதோ உள்ள போயிருக்கு.

எக்ஸாஸ்ட் பக்கம் வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவு தாண்டாம புகையைத் திருப்பி விடற கதவு) துளைக்குப் பக்கத்துல முடி மாதிரி விரிசல் இருக்கும். இந்த வயசு டர்போல அது சாதாரணம். விரிசல் ஃபிளாஞ்ச் வரைக்கும் வந்திருந்தா வேண்டாம். வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் குழாயில கேஜ் வெச்ச சைக்கிள் பம்ப்பை மாட்டி மெதுவா அடிங்க. 5, 6 பி.எஸ்.ஐ-ல தண்டு நகரணும், அடிச்ச காத்து நிக்கணும். நிக்கலைன்னா டயாஃப்ரம் போச்சு. அப்படியே மாட்டினா வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் 6ல நிக்காம மேல ஏறிக்கிட்டே போகும். பலபேர் இதைப் பார்க்கறதே இல்லை.

மேனிஃபோல்டு முகத்துல ஒரு நேர்கோல் வெச்சு வளைவு பாருங்க. வளைஞ்சிருந்தா லேத்துலயோ மில்லிங்லயோ குடுத்துச் சமன் பண்ணிக்கலாம், அதுக்காக விட வேண்டாம். ஸ்டட், நட், கேஸ்கெட், ஆயில் குழாயை மாட்டற பேஞ்சோ போல்ட்டோட செப்பு வாஷர், ரப்பர் குழாய் எல்லாம் புதுசுதான். டர்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல இருக்கற ஸ்டட் சூட்டுல லூசாகி உடையறது இந்த வண்டிக்கு ஊரறிஞ்ச வியாதி. அந்த ஸ்டட்டை மட்டும் இன்கனெல்ல (சூடு தாங்கற நிக்கல் கலவை உலோகம்) வாங்குங்க. உடைஞ்ச ஸ்டட்டைத் துளை போட்டு எடுக்கற வேதனை அதைவிடச் செலவு.

கூலிங்கைப் பத்திச் சொல்லாம விட்டா தப்பு. இந்த எஞ்சின் முதல்ல குறுக்கால படுத்து முன்சக்கரத்தை ஓட்டறதுக்காகப் பண்ணினது. தண்ணி எஞ்சினோட பின்கோடியில வெளிய போகும். எம்எக்ஸ்-5ல நீளவாக்குல திருப்பி வெச்சப்போ பின்னால இடம் இல்லாம, வெளிய போற வழியையும் முன்னாலயே வெச்சுட்டாங்க. அதனால தண்ணி பெரும்பாலும் முன்னாலயே சுத்திட்டுப் போயிடும், கடைசி 4ஆம் சிலிண்டர்தான் அதிகச் சூடு. டர்போ வெச்சப்புறம் முதல்ல நாக்கிங் கேக்கறதும் அங்கதான். தண்ணியைப் பின்னால இருந்து எடுக்கற மாதிரி வழியை மாத்தற கிட் தனியா கிடைக்குது, உங்க ஊர் வெயிலுக்கு அதை அவசியம்னே சொல்வேன். ரேடியேட்டர் மேல்தொட்டி பிளாஸ்டிக் கறுப்பு மாறிப் பழுப்பாயிருந்தா ஆயுசு முடிஞ்சது, அலுமினியத்துல புதுசு போடுங்க.

கிளட்ச் கொஞ்ச நாள்ல வழுக்கும், மாத்த வேண்டி வரும். 1.6 வண்டியோட டிஃபரன்ஷியல் கியர் சின்னது, நின்ன இடத்துல இருந்து டயரைச் சுத்த விட்டா உடைஞ்சுடும். 1994க்கு அப்புறம் 1.8 வண்டிக்கு வந்த பெரிய டிஃபரன்ஷியல் கிடைச்சா வாங்கி வெச்சுக்குங்க. எக்ஸாஸ்ட் இடதுபக்கம்கறதால இடதுபக்க ஸ்டீயரிங்ல உங்களுக்கு ஒரு கஷ்டம் கூடுதல், ஸ்டீயரிங் தண்டும் அந்தப் பக்கம்தான் வரும். அங்க பதிவு புதுப்பிக்கும்போது சோதனை உண்டு, அனுமதி விஷயத்தை வேலை தொடங்கறதுக்கு முன்னாலயே விசாரிச்சுடுங்க.

முதல்ல ஈசியூவையும் இன்ஜெக்டரையும் டர்போ இல்லாம மாட்டி வண்டியைச் சுத்தமா ஓட விடுங்க. அது சரியான பிறகு டர்போ. ரெண்டையும் ஒரே நாள்ல மாட்டினா, தகராறு வந்தா எதுல தகராறுன்னு கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: அண்ணா, பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் சேர்ந்து ஒரு பழைய சான் ஸ்டார்ம் காரை செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்குக்காகத் தயார் பண்ணுகிறோம். பழைய டர்போ ஒன்று மாட்டினோம். மாட்டிய நாளிலிருந்து நீலப் புகை. டர்போ சீல் போய்விட்டது என்று சொல்லி வேறொன்று வாங்கினோம். அதுவும் புகைகிறது. விற்றவர் எங்களை ஏமாற்றிவிட்டாரா?
– பொள்ளாச்சி வாசகர்கள்

பதில்: ரெண்டு டர்போவும் நல்லதாகவே இருக்கலாம். விற்றவரைத் திட்டறதுக்கு முன்னால ஆயில் திரும்பி வர்ற குழாயைப் பாருங்க. டர்போவுக்கு உள்ள ஆயில் பிரஷரோட போகுது. வெளிய வரும்போது பிரஷர் கிடையாது, நுரையோட தன் எடையில கீழ வடியணும். அந்தக் குழாய் சின்னதா இருந்தா, எங்கயாவது மேல ஏறி இறங்கினா, இல்ல சம்ப்புல (எஞ்சினுக்கு அடியில இருக்கற ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்குக் கீழ போய்ச் சேர்ந்தா, ஆயில் டர்போவுக்குள்ளயே தேங்கும். தேங்கின ஆயிலுக்கு சீல் தாண்டறதைத் தவிர வேற வழி இல்லை. டர்போ சீல் ரப்பர் இல்லைங்க, பிஸ்டன் ரிங் மாதிரி இரும்பு வளையம். தேங்கி நிக்கற ஆயிலைத் தடுக்கற வேலை அதுக்குக் கிடையாது.

உள்விட்டம் அரை இஞ்சுக்குக் குறையக் கூடாது, முக்கால் இஞ்ச் இருந்தா நிம்மதி. டர்போவோட ஆயில் வாய் நேராத் தரையைப் பார்க்கணும், சாய்ச்சு மாட்டியிருந்தா நடு ஹவுசிங்கைத் திருப்பி வைங்க. கண்டுபிடிக்க ஒரு வழி: குழாயைச் சம்ப்புல இருந்து கழட்டி ஒரு வாளியில விட்டு, ஐடிலிங்ல ஒரு நிமிஷம் மட்டும் ஓட்டுங்க. ஆயில் லெவலை முன்னும் பின்னும் பாருங்க. வாளியில தாராளமா கொட்டி, புகையும் குறைய ஆரம்பிச்சா குத்தம் குழாய்தான். சைலன்சர்ல ஊறின ஆயில் எரிஞ்சு தீர்ற வரைக்கும் கொஞ்சம் புகை இருந்துக்கிட்டேதான் இருக்கும், அதைப் பார்த்துப் பயந்துடாதீங்க.

அப்படியும் நிக்கலைன்னா எஞ்சின் மூச்சைப் பாருங்க. ரிங் தேய்ஞ்ச எஞ்சின்ல கிராங்க்கேஸ்ல பிரஷர் ஏறும். அந்தப் பிரஷர் ஆயிலைக் கீழ இறங்க விடாது. ஐடிலிங்ல ஆயில் மூடியைத் திறந்து கையை வைங்க, குப்குப்னு தள்ளுச்சுன்னா டர்போவை விட எஞ்சினுக்குத்தான் வேலை. சம்ப்புல துளை போட வேண்டி வந்தா கழட்டிக் கீழ வெச்சுப் போடுங்க. மாட்டின இடத்துலயே துளை போட்டு விழுந்த இரும்புத் தூள் ஆயில் பம்ப்புக்குத்தான் போகும்.

உங்ககிட்ட இருக்கறது கோவாவுல பண்ணின ஒரு சின்ன ரெண்டு சீட்டர், ரெனோவோட 1149 சிசி எஞ்சின். அதுக்கு பிஸ்டன், ஹெட் கேஸ்கெட் தேடறதே பெரிய பாடு. நீங்க கேக்கலை, இருந்தாலும் சொல்றேன்: இந்தச் செட்டிபாளையம் ட்ராக்குக்கு யார் பேரோ, அந்தக் கரிவரதன் 1980களில் கோயம்புத்தூர்ல பார்முலா மாருதி கார் கட்டினப்போ, உள்ள வெச்சது 800 சிசி மாருதி எஞ்சின்தான். எடையைக் குறைச்சு, சஸ்பென்ஷனைச் சரியா வெச்சு, அந்தச் சின்ன எஞ்சின்லயே ஒரு தலைமுறைப் பசங்க ரேஸ் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. உங்க ஸ்டார்ம்லயும் நல்ல டயரும் டேம்பரும் போட்டா லேப் டைம் குறையும், எஞ்சினும் மிஞ்சும். இது என் விருப்பம், முடிவு உங்களுது.

கேள்வி: உக்கடத்தில் டீசல் வண்டி டர்போக்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பெட்ரோல் எஞ்சினுக்கு அதை மாட்டலாமா?
– வேலந்தாவளம்

பதில்: வேண்டாம். டீசல் எக்ஸாஸ்ட்டை விடப் பெட்ரோல் எக்ஸாஸ்ட் நூறு, இருநூறு டிகிரி கூடச் சூடாகும், முழு லோடுல 900 தாண்டும். டீசலுக்குன்னு வார்த்த டர்பைன் ஹவுசிங் அந்தச் சூட்டைத் தாங்கறதுக்காகப் பண்ணினது இல்லை, கொஞ்ச நாள்ல வெடிப்பு விடும். இப்ப வர்ற டீசல்ல உள்ள இறக்கை நகர்ற டர்போதான் அதிகம். பெட்ரோல் சூட்டுல அந்த இறக்கை இறுகி நின்னுடும். உக்கடத்துல பழைய பெட்ரோல் டர்போ காரோட ஹோஸ் கிளாம்ப், இன்டர்கூலர் தேடுங்க, அது பிரயோஜனப்படும்.

கேள்வி: என் வண்டி தமிழ்நாடு பதிவு. மீனாட்சிபுரம் வழியாக வாரம் இரண்டு முறை கேரளம் போய் வருகிறேன். டர்போ மாட்டினால் கேரள எம்.வி.டி (மோட்டார் வாகனத் துறை) பிடிப்பார்களாமே? தமிழ்நாட்டில் மாட்டினால் பரவாயில்லையா?
– மீனாட்சிபுரம்

பதில்: சட்டம் ரெண்டு பக்கமும் ஒண்ணேதாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. கம்பெனி பதிவுல குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. கேரளத்துல இருந்து போன ஒரு வழக்குலதான் 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாச் சொல்லுச்சு. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல 6 மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும்கறதைக் கவனிங்க. டர்போ ஒண்ணு, சைலன்சர் ஒண்ணுன்னு தனித்தனியா எண்ணுவாங்க.

அபராதத்தை விட எனக்கு இன்ஷூரன்ஸ்தான் பயம். நாளைக்கு ஒரு விபத்து நடந்து, சர்வேயர் பானெட்டைத் திறந்து பார்த்துட்டா, கம்பெனி கைவிரிக்கக் காரணம் கிடைச்சுடும். மூணாம் மனுஷனுக்கு அடிபட்டா அந்தக் கடன் உங்க குடும்பத்து மேல விழும்.

வாரத்துக்கு ரெண்டு தடவை ஓடற வண்டிக்கு டர்போ ஆசைன்னா, கம்பெனியே டர்போ வெச்சு வித்த பழைய காரை வாங்குங்க. 2013ல வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2015ல வந்த அபார்த் புன்டோ, 2017ல வந்த பலேனோ ஆர்எஸ். அபார்த் 145 குதிரை, மத்த ரெண்டும் 100 சொச்சம். ஆர்சியில எல்லாம் நேரா இருக்கும், எந்தச் செக்போஸ்ட்லயும் ஜன்னலை இறக்கி நிம்மதியா பேசலாம். கிட் மாட்டியே தீருவேன்னா அது ட்ராக் வண்டியா மட்டும் இருக்கட்டும், ட்ரெய்லர்ல ஏத்திக் கொண்டுபோங்க.

கேள்வி: மெக்கானிக் தம்பிக்கு, சித்தூர் தத்தமங்கலத்திலிருந்து ஒரு அம்மா எழுதுவது. பையன் வீட்டு ஷெட்டில் ஒரு சின்ன காருக்கு டர்போ மாட்டிக்கொண்டிருக்கிறான். நண்பர்களோடு ராத்திரியில் நெல்லியாம்பதி போகப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டான். நான் என்ன பார்க்க வேண்டும், சொல்லுங்கள்.

பதில்: அம்மா, மேல சொன்ன சட்டம் உங்க பையனுக்கும்தான். அந்த வண்டி ரோட்டுக்கு வரக் கூடாதுன்னு நான் சொன்னதா சொல்லுங்க. ஷெட்டுலயே வெச்சு ஸ்டார்ட் பண்ணினாலும் நீங்க பார்க்க வேண்டியது சில இருக்கு. மெக்கானிக் வேலை தெரியாமயே பார்க்கலாம்.

டர்போ இழுக்கும்போது எக்ஸாஸ்ட் பக்கம் சிவக்கற அளவுக்குச் சூடாகும். அதுக்குப் பக்கத்துல ஒரு ஜாண் தூரத்துக்குள்ள ரப்பர் குழாயோ, ஒயரோ, பிளாஸ்டிக்கோ இருக்கான்னு பாருங்க. ஆயில் குழாய் வெளிய கம்பி பின்னினதா இருக்கணும், பெட்ரோல் குழாய் டர்போவுக்கு எதிர்ப்பக்கமாப் போகணும். வண்டி தீப்பிடிக்கறது பெரும்பாலும் இங்கதான், ஒரு சொட்டு ஆயில் போதும். ஷெட்டு வாசல்ல, வண்டிக்குப் பக்கத்துல இல்லாம வாசல்ல, ஒரு தீயணைப்பு சிலிண்டர் வாங்கித் தொங்க விடுங்க.

அடுத்தது டயர். பக்கவாட்டுல முட்டை வடிவக் கட்டத்துல நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 1216ன்னு இருந்தா 2016ஆம் வருஷம் 12ஆவது வாரம் பண்ணினது, பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயர் வேண்டாம். அப்புறம் "பிரேக்குக்கு என்ன பண்ணினே?"ன்னு கேளுங்க. எஞ்சினுக்குச் செலவு பண்ணிட்டு பிரேக் ஆயில்கூட மாத்தாதவன்தான் நெல்லியாம்பதி வழியில போத்துண்டிக்கு மேல வளைவுல இறங்கும்போது பெடல் தரைக்குப் போய்த் தவிப்பான். பழைய பிரேக் ஆயில் ஈரம் குடிச்சிருக்கும், மலை இறக்கத்துல கொதிக்கும். டாட் 4 புதுசா ஊத்தி காத்து எடுத்த பில்லைக் காட்டச் சொல்லுங்க.

பையனைத் திட்ட வேண்டாம் அம்மா. கையால ஒரு வேலையைக் கத்துக்கறான், அது நல்லது. ஒரு நாள் அவனை என் கராஜுக்கு அனுப்புங்க, வண்டி இல்லாம. பேசிக்கறேன்.

கேள்வி: இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் டர்போ வண்டிக்கு நல்லதா கெட்டதா?
– கோபாலபுரம்

பதில்: நாக்கிங் விஷயத்துல நல்லது. எத்தனால் உள்ள ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கும், தானா வெடிக்கறதையும் தடுக்கும். ஆனா சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துன்னா இதுக்கு 13.5 பக்கம்தான், அதாவது அதே காத்துக்கு அதிகப் பெட்ரோல் வேணும். பழைய பெட்ரோலுக்கு டியூன் பண்ணின வண்டி இதுல பூஸ்ட்ல பெட்ரோல் பத்தாம காய்ஞ்சு ஓடும், மறுபடி டியூன் பண்ணணும். வைட்பேண்ட் மீட்டரை லாம்ப்டாவுல (அந்தப் பெட்ரோலுக்குச் சரியான கலவையை 1ன்னு வெச்சுக் காட்டற அளவு) வெச்சுப் படிங்க, பெட்ரோல் எதுவானாலும் கணக்கு மாறாது. 1990கள் வண்டியில டேங்க்குல இருந்து இன்ஜெக்டர் வரைக்கும் ரப்பர் குழாய், ஓ-ரிங் எல்லாம் எத்தனால் தாங்கறதா மாத்துங்க. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில மாசக்கணக்குல நிக்கப்போற வண்டின்னா டேங்க்கை முழுசா நிரப்பி மூடி வைங்க. காலி இடம் இருந்தா அதுல ஈரம் சேரும், எத்தனால் அந்த ஈரத்தைக் குடிக்கும்.